பழைய மகிழுந்துகளின் நிலை உணரிகள்: பழுதறியும் முறையும் சொல்லும் முறையும்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி அமைந்த நகரம் மெர்சிங். தியோமான் தீவுக்கும் அருகிலுள்ள பிற தீவுகளுக்கும் செல்வோர் இங்குள்ள படகுத்துறைக்கு வந்து சேர்வர். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக வரும் 3ஆம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங், கஹாங் வழியாக வரும் 50ஆம் எண் சாலையும் ஜெமாலுவாங்கில் சந்திக்கின்றன. கோத்தா திங்கிக்கும் மெர்சிங்கிற்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வழியின் பெரும்பகுதி செம்பனைத் தோட்டமும் காடும். காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் இடங்களும் உண்டு.

இத்தகைய சாலையில், இரவு நேரத்தில், ஒரு பழைய மகிழுந்தின் இயந்திரம் முன்னறிவிப்பின்றி அணைந்துவிட்டால் நேர்வது என்ன? சுக்கானுக்குத் துணைநின்ற விசை மறைந்து, அதைத் திருப்புவது கடினமாகிறது. தடைக்கருவிக்கு உதவும் வெற்றிட ஆற்றல் ஓரிரு மிதிகளுக்கே மிஞ்சுகிறது. பின்னால் வரும் சரக்குந்தின் ஓட்டுநருக்கு முன்னே செல்லும் வண்டி நிற்கப்போவது தெரியாது. அரைமணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாததுபோல் அதே இயந்திரம் மீண்டும் ஓடுகிறது. மறுநாள் பட்டறையில் சோதித்தால் குறை ஏதும் புலப்படுவதில்லை.

இப்படிப்பட்ட பழுதுகளில் பலவற்றுக்குக் காரணம் விரல் அளவேயான ஓர் உறுப்பு. அதனை நிலை உணரி என்கிறோம். அது எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு நலிவடைகிறது, நலிவை எந்த வரிசையில் ஆராய்ந்து அறிவது என்பவற்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தமிழிலேயே விளக்குவது இப்பொழிவின் நோக்கம். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்ற நம் மாணவர்கள், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அதனை மலாய்மொழியில் தொடர்கின்றனர். ஆறாம் ஆண்டில் நின்றுபோகும் அந்தத் தமிழறிவியலைக் காந்தம், மின்னோட்டம், வெப்பம் ஆகியவற்றின் வழியாக இன்னும் சற்றுத் தொலைவு கொண்டுசெல்ல இயலும் என்பதற்கு இப்பொருள் நல்ல சான்று.

நிலை அறிதல் ஏன் தேவை?

மகிழுந்தின் பெட்ரோல் இயந்திரம் நான்கு அடிகளில் வேலை செய்கிறது: காற்றும் எரிபொருளும் உள்ளே வருதல், அழுத்தப்படுதல், தீப்பற்றி விரிதல், புகை வெளியேறுதல். இந்நான்கும் நிறைவேற, உந்துதண்டுகளின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் வணரித்தண்டு இரண்டு முறை சுற்றுகிறது. அதே காலத்தில், அடைப்பிதழ்களைத் திறந்து மூடும் நெம்புருள் தண்டு ஒரு முறை சுற்றுகிறது. தீப்பொறி மிகச் சரியான கணத்தில் எழவேண்டும். முந்தினால் இயந்திரம் தட்டும். பிந்தினால் ஆற்றல் வீணாகும்.

அந்தக் கணம் எவ்வளவு நுண்ணியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் இயந்திரம் ஒரு வினாடிக்கு 50 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. அதனை 360 பாகையால் வகுத்தால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 56 மைக்ரோ வினாடி. தீப்பொறி சில பாகை பிறழ்ந்தாலே இயந்திரத்தின் ஓட்டம் மாறும். அப்படியாயின், வினாடியின் பத்தாயிரத்தில் சில பங்கு பிழையும் இங்குப் பொருட்படுத்தத்தக்கது.

1985ஆம் ஆண்டு வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பணியைக் கார்புரேட்டர் செய்தது. தீப்பொறியின் கணத்தை, டிஸ்ட்ரிபியூட்டர் எனப் பட்டறைகளில் வழங்கும் பங்கீட்டுக் கருவி, எடைகளின் மையவிலக்கு விசையாலும் வெற்றிடத்தாலும் தானே சரிசெய்துகொண்டது. 1993இல் வீரா வந்த காலத்தையொட்டி, எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு முறை நம் நாட்டு மகிழுந்துகளில் பரவத் தொடங்கியது. 2000இல் வாஜா, 2004இல் ஜென்-2, 2005இல் பெரோடுவா மைவி என அடுத்தடுத்து வந்த வண்டிகளில் அம்முறையே நிலைபெற்றது. எடையும் சுருள்வில்லும் முன்பு செய்த வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டகம் ஏற்றது. ஆனால் கட்டுப்பாட்டகத்திற்குக் கண் இல்லை. வணரித்தண்டு எங்கே நிற்கிறது, நெம்புருள் தண்டு எங்கே நிற்கிறது, ஓட்டுநர் முடுக்கி மிதியை எவ்வளவு அழுத்தியுள்ளார் ஆகிய மூன்றையும் அதற்கு அறிவிப்பவை நிலை உணரிகளே.

சொற்களைப் பற்றி

மேலே ஆண்ட சொற்கள் சிலருக்குப் புதியனவாக இருக்கலாம். 'உணரி' என்பது உணர் என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. 'சென்சார்' என்பதற்கு ஈடாகப் பரவலாக வழங்கிவருவது. 'வணரி' என்னும் சொல்லின் அடி 'வணர்'. வளைதல் என்னும் பொருளுடைய இச்சொல்லைச் சங்கப் பாடல்கள் யாழின் வளைந்த கோட்டைக் குறிக்க ஆள்கின்றன. வணரித்தண்டும் நேரான கம்பியன்று. இடையிடையே முழங்கைபோல் வளைந்தது. ஆகவே பெயர் பொருளோடு பொருந்துகிறது. ஏற்ற இறக்கமுள்ள தன் விளிம்பால் அடைப்பிதழை நெம்பித் திறக்கும் உருளை 'நெம்புருள்'.

பட்டறையில் 'கிராங்க் சென்சார்', 'கேம் சென்சார்' என்றே வழங்குகின்றனர். அவ்வழக்கை நாம் குறைகூறவில்லை. பழுது நீக்குவோரைக் குறிக்கும் 'போமன்' என்னும் சொல்லே 'போர்மேன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. மலாய்ப் பேச்சு வழக்கிலும் இச்சொல் உண்டு. உறுப்பை வாங்கும்போது கடைக்காரருக்குப் புரியும் சொல் வேண்டும். உறுப்பு இயங்கும் விதத்தை விளங்கிக்கொள்ளும்போது பொருள் காட்டும் சொல் வேண்டும். இரண்டையும் அறிந்த மாணவன் இரு இடங்களிலும் தடுமாற மாட்டான்.

நால்வகை உணரிகள்

முதலாவது, காந்தத் தூண்டல் உணரி. நிலைக்காந்தம் ஒன்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் அமைந்திருக்கும். அதன் முன்னே வணரித்தண்டோடு இணைந்த பல்சக்கரம் சுழலும். ஒவ்வொரு பல்லும் அருகில் வந்து விலகும்போது காந்தப் பாயம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. பல சக்கரங்களில் 60 பற்களுக்கு உரிய இடத்தில் 58 பற்களே இருக்கும். விடுபட்ட அந்த இரு பற்களின் இடைவெளிதான் 'இங்கிருந்து எண்ணுக' என்று கட்டுப்பாட்டகத்திற்குச் சொல்லும் அடையாளம். இவ்வகை உணரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. எனினும், பல் விரைவாகக் கடந்தால் மின்னழுத்தம் மிகும். மெதுவாகக் கடந்தால் குறையும். நிமிடத்திற்கு 2000 சுற்றில் எழும் அழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே, இயந்திரத்தைக் கிளப்பும்போதுள்ள 200 சுற்றில் எழும். நலிந்த உணரி முதலில் கிளப்பும் வேளையில் தடுமாறுவது இதனாலேயே.

இரண்டாவது, ஹால் உணரி. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு இதற்கு அடிப்படை. மின்னோட்டம் பாயும் பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால், ஓட்டத்திற்குக் குறுக்காக ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். அதனைப் பெருக்கித் திருத்தும் மின்சுற்று உணரிக்குள்ளேயே உண்டு. ஆகவே இதற்குப் பொதுவாக மூன்று கம்பிகள்: மின்வழங்கல், நிலக்கம்பி, குறிகை. இது தரும் குறிகை 'உண்டு, இல்லை' என்னும் இரு நிலைகளே கொண்டது. வேகம் குறைந்தாலும் அதன் உயரம் குறையாது.

மூன்றாவது, ஒளியுணரி. மிட்சுபிஷி அமைப்பைத் தழுவிய பழைய இயந்திரங்கள் சிலவற்றில் இது பங்கீட்டுக் கருவிக்குள் அமைந்துள்ளது. துளையிட்ட மெல்லிய தட்டு சுழல, அதன் ஒரு புறம் ஒளியுமிழ் இருமுனையமும் மறுபுறம் ஒளியை உணரும் உறுப்பும் இருக்கும். துளை வரும்போது ஒளி கடக்கும். மற்ற வேளையில் தடைபடும். இது மிகத் துல்லியமானது. ஆயினும் அழுக்கைப் பொறுக்காது.

நான்காவது, காற்று வாயில் நிலை உணரி. முடுக்கி மிதியை அழுத்தும்போது காற்று வாயிலின் இதழ் திறக்கிறது. அவ்விதழின் அச்சோடு ஒரு தொடுமுனை திரும்பி, கரிமப் பூச்சுள்ள தடத்தின்மேல் உராய்ந்து செல்கிறது. வானொலிப் பெட்டியின் ஒலியளவைத் திருகுவது போன்ற அமைப்பு இது. 5 வோல்ட் வழங்கினால், வாயில் மூடியிருக்கையில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டும், முற்றும் திறக்கையில் ஏறத்தாழ 4.5 வோல்ட்டும் குறிகைக் கம்பியில் கிடைக்கும். இடைப்பட்ட பகுதியில் அது படியின்றிச் சீராக ஏறவேண்டும்.

தேய்வு, தளர்வு, மூப்பு, அரிப்பு

'சென்சார் தேய்ந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இச்சொல் பொருந்தும் இடமும் உண்டு, பொருந்தாத இடமும் உண்டு. நான்கு வேறு நலிவுகளுக்குத் தமிழில் நான்கு வேறு சொற்கள் இருக்க, அவற்றைப் பிரித்து ஆள்வதே பழுதறிதலின் முதற்படி.

தேய்வு என்பது உராய்வால் வருவது. உணரிகளில் உண்மையாகத் தேய்வது காற்று வாயில் நிலை உணரியே. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. ஓட்டுநர் மிதியை நெடுநேரம் வைத்திருக்கும் சிறு பகுதியில், அதாவது வாயில் மூடிய நிலையிலும் அதற்குச் சற்று மேலும், கரிமத் தடம் மிகுதியாக நலிகிறது. ஆகவே பழுதும் அப்பகுதியிலேயே தோன்றும். மிதியை மெல்ல அழுத்தும்போது வண்டி குலுங்கும். முற்றும் அழுத்தினால் நன்றாக ஓடும்.

தளர்வு என்பது இணைப்பும் தாங்கியும் இடங்கொடுத்து ஆடுவது. பங்கீட்டுக் கருவியின் தண்டைத் தாங்கும் உறுப்பு தளர்ந்தால் தட்டு நடுங்கும். உணரி பழுதற்றதாயினும் அது தரும் செய்தி நடுக்கமுற்றதாகும்.

மூப்பு என்பது வெப்பத்தாலும் அதிர்வாலும் ஆண்டுக்கணக்கில் வருவது. தூண்டல் உணரி எதையும் தொடுவதில்லை. ஆகவே அது தேய்வதுமில்லை. ஆனால் இயந்திரத்தின் சூட்டில் நாள்தோறும் விரிந்து சுருங்கும் செப்புக் கம்பியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம். குளிர்ந்திருக்கையில் வெடிப்பின் இரு முனைகளும் ஒட்டியிருக்கும், சூடேறுகையில் பிரியும். முன்னே கூறிய அரைமணி நேர மாயத்தின் விளக்கம் இதுவே. வெப்பத்தில் கம்பி பிரிகிறது, இயந்திரம் அணைகிறது. ஆறியதும் கம்பி சேர்கிறது, இயந்திரம் ஓடுகிறது.

அரிப்பு என்பது ஈரமும் உப்பும் உலோகத்தை உண்பது. மெர்சிங் போன்ற கடற்கரை நகரத்தில் இதனைத் தனியே கருதவேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மழையையும் கடலின் உப்பையும் ஒருங்கே கொணர்கிறது. தீவுக்குச் செல்வோர் மகிழுந்தைக் கரையில் விட்டுச் சில நாள் கழித்துத் திரும்புவதும் உண்டு. இயந்திரச் சூடு உலர்த்தாத அந்நாள்களில் இணைப்பிகளுக்குள் ஈரம் தங்குகிறது. இணைப்பியின் உள்ளே பச்சை நிறத்தில் படியும் செப்புக் களிம்பு மின்தடையை மிகுவிக்கிறது. இங்கு உணரியை மாற்றினால் பயன் இல்லை; இணைப்பியைத் தூய்மைசெய்தால் போதும்.

முதற்கருவி வாய்மொழியே

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்னும் வரிசையைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வகுத்திருப்பதை மாணவர் அறிவர். இயந்திரத்திற்கும் அவ்வரிசை பொருந்தும். நோயாளி பேசாத இவ்விடத்தில் அதன் உரிமையாளர் பேசுகிறார். ஆகவே கேள்வி துல்லியமாக இருக்கவேண்டும்.

'வண்டி நின்றுவிட்டது' என்பது முழுமையான செய்தியன்று. அனுபவமிக்க போமன் ஒருவர் பின்வருமாறு வினவுவார்: "அண்ணே, எப்படி நின்னுச்சு? இருமி இருமி நின்னுச்சா, சாவிய அணைச்ச மாதிரி டக்குனு நின்னுச்சா?" இவ்வொரு வினா இரண்டு பெரும் வழிகளைப் பிரித்துவிடுகிறது. எரிபொருள் வற்றி நிற்கும் இயந்திரம் தடுமாறி, குலுங்கி, சிறிது சிறிதாக ஆற்றல் இழக்கும். வணரித்தண்டு உணரியின் குறிகை அறுந்தால் தீப்பொறியும் எரிபொருளும் ஒரே கணத்தில் நிறுத்தப்படும். சாவியை அணைத்தாற்போல் இயந்திரம் ஓயும்.

அடுத்த வினாக்கள்: சூடான பின்பா, குளிர்ந்திருக்கும்போதா? மழைநாளிலா, எந்நாளுமா? நின்றபின் எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓடியது? கிளப்ப முயன்றபோது சுற்றளவுமானியின் முள் அசைந்ததா? இறுதி வினா மிகப் பயனுடையது. பல வண்டிகளில் அந்த முள் வணரித்தண்டு உணரியின் குறிகையைக் கொண்டே அசைகிறது. இயந்திரம் சுழன்றும் முள் சிறிதும் அசையவில்லையெனில் ஐயம் அவ்வுணரியின் பக்கம் சாய்கிறது.

நெம்புருள் தண்டு உணரியின் நலிவு வேறுவிதமாகத் தெரியும். இயந்திரம் கிளம்ப வழக்கத்தினும் நீண்ட நேரம் ஆகும். கிளம்பியபின் பல வண்டிகள் ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கும். காற்று வாயில் நிலை உணரி நலிந்தால், நிற்கும் வண்டியில் இயந்திரத்தின் சுற்று ஏறி இறங்கும். தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி பொருந்தா நேரத்தில் பல் மாற்றும்.

பழுதறியும் வரிசை

முதற்படி, கண்ணால் காணல். இணைப்பியைக் கழற்றிக் களிம்பு, எண்ணெய்க் கசிவு, வளைந்த ஊசி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். கம்பிகள் சூடான குழாயைத் தொடுகின்றனவா, காப்புறை வெடித்துள்ளதா என நோக்கவேண்டும். ஒளியுணரி உள்ள வண்டியில், தண்டின் எண்ணெய்த் தடுப்பான் கசிந்து தட்டின்மேல் எண்ணெய் படிந்துள்ளதா எனக் காணவேண்டும்.

இரண்டாம் படி, கட்டுப்பாட்டகத்தின் நினைவைக் கேட்டல். புதிய முறையைப் பின்பற்றும் வண்டிகளில் படிப்பியைச் செருகினால் குறியெண் கிடைக்கும். பி0335 வணரித்தண்டு உணரியின் மின்சுற்றையும், பி0340 நெம்புருள் தண்டு உணரியின் மின்சுற்றையும், பி0122, பி0123 ஆகியவை காற்று வாயில் நிலை உணரியின் குறைந்த, மிகுந்த அழுத்தத்தையும் குறிக்கும். அதற்கு முந்தைய மிட்சுபிஷி முறை வண்டிகளில் விளக்கின் மினுக்கத்தை எண்ணவேண்டும்: நீண்ட மினுக்கம் பத்து, குறுகியது ஒன்று. அம்முறையில் 14 காற்று வாயில் நிலை உணரிக்கும், 22 வணரிக்கோண உணரிக்கும், 23 மேல்முடிவு நிலை உணரிக்கும் உரியவை. இவ்விடத்தில் ஒரு சொல்லை மறவாதிருக்கவேண்டும்: குறியெண் சுட்டுவது 'மின்சுற்றை', உறுப்பையன்று. சுற்றில் உணரியும் உண்டு, கம்பியும் உண்டு, இணைப்பியும் உண்டு, கட்டுப்பாட்டகமும் உண்டு. குறியெண்ணைக் கண்டவுடன் உணரியை வாங்குவது, தெருவின் பெயரைக் கேட்டுவிட்டு முதல் வீட்டின் கதவைத் தட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் படி, மின்வழங்கலும் நிலக்கம்பியும். ஹால் உணரி, ஒளியுணரி, காற்று வாயில் நிலை உணரி ஆகியவற்றுக்கு உரிய மின்னழுத்தம் வந்துசேர்கிறதா எனப் பன்மானியால் அளக்கவேண்டும். அது வண்டிக்கேற்ப 5 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ இருக்கும். நிலக்கம்பிக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே, மின்சுற்று இயங்கும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வழியில் தடை உள்ளது. கடற்கரை வண்டிகளில் பழுது இப்படியிலேயே அகப்படுவதுண்டு.

நான்காம் படி, மின்தடையை அளத்தல். இது தூண்டல் உணரிக்கே உரியது. ஹால் உணரியை இவ்வாறு அளந்து முடிவுகட்டலாகாது. தூண்டல் உணரியின் தடை வண்டிக்கு வண்டி மாறும். சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் இருக்கலாம். அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவே அளவுகோல். இங்கு மாணவர் கவனிக்கவேண்டிய இயற்பியல் உண்மை ஒன்றுண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. 25 பாகையில் 500 ஓம் காட்டிய சுருள் 100 பாகையில் ஏறத்தாழ 645 ஓம் காட்டும். அது பழுதன்று, செம்பின் இயல்பு. சூடேறியவுடன் தடை அளவிட முடியாதபடி தாவினால், அல்லது கம்பியை அசைக்கும்போது எண் துள்ளினால், அதுவே பழுது. முடி உலர்த்தும் கருவியால் உணரியை மெல்லச் சூடாக்கிக்கொண்டே அளந்தால், சாலையில் மட்டும் தோன்றும் பழுதைப் பட்டறை மேசையிலேயே வரவழைக்க இயலும்.

ஐந்தாம் படி, குறிகையைக் காணல். தூண்டல் உணரியின் குறிகையைப் பன்மானியின் மாறுமின் அளவையில் வைத்து, இயந்திரத்தைச் சுழற்றி அளக்கலாம். ஹால் உணரியாயின், வணரித்தண்டின் கப்பியைத் திருகுசாவியால் மெதுவாகத் திருப்பும்போது நேர்மின் அளவு மேலும் கீழும் தாவவேண்டும். காற்று வாயில் நிலை உணரிக்கு, சாவியை மட்டும் திருப்பி, இயந்திரத்தை ஓடவிடாமல், மிதியை மிக மெதுவாக அழுத்தவேண்டும். அழுத்தம் இடையில் ஒருமுறை சரிந்து மீண்டால் அவ்விடத்தில் தடம் தேய்ந்துள்ளது. இச்சோதனைக்கு எண் காட்டும் மானியினும் முள் காட்டும் பழைய மானி பலவேளைகளில் சிறந்தது. எண்மானி ஒரு வினாடியில் சில முறையே அளந்து காட்டும். இடைப்பட்ட சரிவை அது தவறவிடலாம். முள்ளோ துடித்துக் காட்டிவிடும். அலைவுகாட்டி இருப்பின் எல்லா வகையும் தெளிவாகத் தெரியும். பற்களில் ஒன்று உடைந்திருந்தாலும் அலைவரிசையில் அதன் இடம் புலப்படும்.

ஆறாம் படி, இயந்திர அமைப்பைச் சோதித்தல். உணரிக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள இடைவெளி பல வண்டிகளில் ஒரு மில்லிமீட்டர் அளவினதே. இரும்புத்தூள் உணரியின் முனையில் ஒட்டியிருந்தாலும், உணரியைப் பிணிக்கும் திருகாணி தளர்ந்திருந்தாலும் அவ்விடைவெளி மாறும்.

இவற்றைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கைகள். இயந்திரத்தைச் சுழற்றிச் சோதிக்கையில் எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, கையையும் கம்பியையும் வார்ப்பட்டைக்கு அப்பால் வைத்துக்கொள்ளவேண்டும். மேலும், கம்பியின் காப்புறையை ஊசியால் குத்தி அளக்கும் பழக்கத்தைக் கடற்கரை ஊர்களில் அறவே விடவேண்டும். இன்று குத்திய துளை வழியே நாளை உப்பீரம் புகும். சில மாதங்களில் காப்புறைக்குள் செம்பு அரிக்கப்படும். பழுதைத் தேடியவரே புதிய பழுதை விதைத்தவர் ஆவார்.

பழி சுமக்கும் உணரிகள்

உணரியைக் குற்றவாளியாகக் காட்டும் வேறு காரணங்களும் உண்டு. மின்கலம் நலிந்தால் இயந்திரம் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழன்றால் தூண்டல் உணரியின் அழுத்தம் குறையும். கட்டுப்பாட்டகம் 'குறிகை இல்லை' என்று பதிவுசெய்யும். உண்மையில் குற்றம் மின்கலத்தினுடையது. வணரித்தண்டையும் நெம்புருள் தண்டையும் இணைக்கும் வார்ப்பட்டை ஒரு பல் நழுவினால், இரு உணரிகளும் உண்மையையே சொல்லும். ஆனால் அவற்றின் சொல் ஒன்றோடொன்று ஒவ்வாது. பி0016 என்னும் குறியெண் தோன்றும்போது உணரியை மாற்றுமுன் வார்ப்பட்டையின் அடையாளக் குறிகளைப் பார்ப்பதே முறை. எரிபொருள் எக்கியும், அதற்கு மின்சாரம் தரும் உணர்த்தியும், தீப்பொறிச் சுருளும் சூட்டில் நின்று குளிரில் மீளும் இயல்புடையவையே. சாவியைத் திருப்பியவுடன் எக்கியின் முனகல் ஒலி ஓரிரு வினாடி கேட்கிறதா, செருகியில் தீப்பொறி எழுகிறதா என்னும் இரு சோதனைகள் அவற்றைப் பிரித்தறிய உதவும்.

இச்சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அதனைச் செய்யாது ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றிப் பார்ப்போரும் உண்டு. அதில் வீணாவது பணம் மட்டுமன்று. மாற்றியபின் வண்டி தற்செயலாகச் சில நாள் நன்றாக ஓடும். உரிமையாளர் அதனை நம்பிக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் இறங்குவார். பழுது தீரவில்லை, மறைந்தே இருந்தது என்பது செம்பனைக் காட்டின் நடுவில் தெரியவரும். ஆகவே, உறுப்பை மாற்றியபின் பழைய நிலையிலேயே மீண்டும் சோதிப்பது கடமை. சூட்டில் நின்ற வண்டியைச் சூடாக்கியே ஓட்டிப் பார்க்கவேண்டும்; மழையில் நின்ற வண்டியின் இணைப்பிகளை நீர் தெளித்தே பார்க்கவேண்டும். கழற்றிய பழைய உணரியையும் அளந்து, அது உண்மையில் பழுதுற்றதே என உறுதிசெய்தால்தான் ஆய்வு முற்றுப்பெறும்.

வகுப்பறைக்கு

இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பட்டறையில் ஒதுக்கிய பழைய தூண்டல் உணரி ஒன்று, பன்மானி ஒன்று, இரும்புத் திருகாணி ஒன்று போதும். மாறுமின் அளவையின் மிகச் சிறிய வரம்பில் மானியை வைத்து, உணரியின் முனைக்கு முன்னே திருகாணியை விரைவாக முன்னும் பின்னும் அசைத்தால் எண் அசையும்; மெதுவாக அசைத்தால் அடங்கும். பாரடேயின் விதி மாணவர் கண்முன் நிற்கும். ஒலியளவைத் திருகும் பழைய உறுப்பையும் உலர் மின்கலத்தையும் கொண்டு காற்று வாயில் நிலை உணரியின் மாதிரியைச் செய்யலாம். தடத்தின் ஓரிடத்தைச் சுரண்டிவிட்டு, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

மொழி ஆசிரியர்க்கும் இங்கு வேலை உண்டு. 'வண்டி நின்றுவிட்டது' என்னும் தொடரைக் கொடுத்து, எப்படி, எப்போது, எந்நிலையில், எவ்வளவு நேரம் என்னும் வினாக்களுக்கு விடை தருமாறு ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். தேய்ந்தது, தளர்ந்தது, மூத்தது, அரித்தது என்னும் நான்கு வினைகளுக்கும் தனித்தனியே எடுத்துக்காட்டுத் தரச் சொல்லலாம். கண்டதைக் கண்டவாறு, ஊகத்தைக் கலக்காமல் சொல்லப் பழகிய மாணவர், மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் ஆய்வுக்கூடத்திலும் அவ்வாறே சொல்வார். பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் தந்தையோ தாயோ அவ்வாறு சொல்லக் கற்றால், பழுதறியும் பணியில் பாதி அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு மானியும் பொறுமையும் போதுமானவை.